15 வயதாகப் போகும் பெட்ரோல் வண்டி: செக் இன்ஜின் லைட் அணைத்தாலும் 300 கிலோமீட்டரில் திரும்ப எரிகிறது

வைகைக்கரை:

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். அப்பா 2011-ல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டி என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை, பெயரைப் போட்டால் கம்பெனிச் சண்டையாகிவிடும், என் பிரச்சனை அப்படியே நின்றுவிடும்.

நாலு மாதத்துக்கு முன்னால் மஞ்சள் நிற செக் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. ஊருக்குள் ஓட்டும்போது பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆனால் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது இரண்டாவது கியரில் நன்றாக மிதித்தால் வண்டி குத்திக் குத்திப் போகிறது, பிக்கப் சுத்தமாக இல்லை, ஒருமுறை அந்த லைட் சில நொடிகள் விட்டு விட்டு மின்னியது. பயந்துபோய் ஓரம் கட்டிவிட்டேன். வண்டியில் அம்மாவும் இருந்தார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து பி0171 என்ற எரர் கோடு (code) வருகிறது என்றார்கள், காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்று அர்த்தமாம். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள், 5,200 ரூபாய். லைட் அணைந்தது. சரியாக 300 கிலோமீட்டரில் திரும்ப வந்துவிட்டது, அதே கோடு. இரண்டாவது முறை போனபோது ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடி கழுவினார்கள், கோடை அழித்தார்கள், திரும்பவும் வந்தது. இப்போது சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது, அதை மாற்றினால்தான் சரியாகும், நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள்.

இன்னும் சில மாதத்தில் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். விற்கச் சொல்கிறார்கள் நிறைய பேர். அப்பா ஓட்டிய வண்டி, எனக்கு மனசு வரவில்லை. நாற்பதாயிரம் போட்டால் உண்மையிலேயே சரியாகுமா, இல்லை அதுவும் 300 கிலோமீட்டர்தானா?

ஸ்டெப்னி:

பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றி ஒரு பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். என் பழைய வண்டியில் அப்படித்தான் லைட் போனது, இரண்டு வருடமாக வரவில்லை.

நாலு சிலிண்டர்:

தம்பி, பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். ஸ்டெப்னி சார் தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் வண்டியில் ஏதோ ஒருமுறை வந்த கோளாறு தானாகப் போயிருக்கும். இந்தத் தம்பி வண்டியில் கோளாறு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒயரைக் கழற்றினாலும் ஸ்கேனரில் அழித்தாலும், கோடு விழுந்த நேரத்தில் வண்டி எந்த வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று இ.சி.யூ., அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், எடுத்து வைத்த கணக்கும் சேர்ந்து போய்விடும். அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாகத் தடயத்தை அழித்துவிட்டு அப்புறம் தேடியிருக்கிறார். கோயம்புத்தூரில் 22 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், இந்தப் பழக்கத்தால் வீணாகும் பணத்தைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது.

முதலில் ஒரு விஷயம். லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரலாம். மின்னினால் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதைச் சூடாக்கிக் கெடுக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தது நல்ல காரியம். இந்த வேலை முடியும் வரைக்கும் மலைப்பக்கம் போக வேண்டாம்.

கோடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். பி0171 என்றால் சென்சார் கெட்டது என்று எங்கேயும் எழுதவில்லை. ‘ஆக்சிஜன் அதிகமாகத் தெரிகிறது, நான் எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் கொடுத்தாலும் போதவில்லை’ என்று இ.சி.யூ. கத்துகிறது. சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆள். சொன்னவனையே மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் கன்வெர்ட்டர். உங்கள் வண்டிக்கு அடியில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட்டுக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று இ.சி.யூ. சொல்ல முடியும், அப்போது வரும் கோடு பி0420. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் முன்னால் ஒன்று மட்டும்தான் இருக்கும். ஒன்றுதான் என்றால், ஸ்கேனரைப் பார்த்துக் கன்வெர்ட்டர் போச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது: முன்னால் இருக்கும் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் மாட்டி, இன்ஜினை ரேஸ் பண்ணும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கலாம். அதை அளந்தார்களா?

ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்குங்கள். மிக மலிவான இ.எல்.எம்.327 சிப் நகல்களில் சில, வண்டியோடு கேன் என்ற புதிய முறையில் மட்டும்தான் பேசும், 2011 வண்டி கே-லைன் என்ற பழைய முறையில் பேசுவதாக இருந்தால் அதோடு சேராது. அந்தப் பழைய முறைகளான கே.டபிள்யூ.பி. 2000, ஐ.எஸ்.ஓ. 9141 இரண்டும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: லாங் டெர்ம் ஃபியூவல் டிரிம், ஷார்ட் டெர்ம் ஃபியூவல் டிரிம், மேனிஃபோல்ட் பிரஷர். டிரிம் என்றால் இ.சி.யூ. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கு, லாங் டெர்ம் பல நாள் கணக்கு, ஷார்ட் டெர்ம் அந்த நொடிக் கணக்கு. மேனிஃபோல்ட் பிரஷர் என்றால் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். ஐட்லிங்கில் ஒரு தடவை, 2500 ஆர்.பி.எம்.மில் அரை நிமிடம் நிலையாகப் பிடித்து ஒரு தடவை. கோடை அழிக்காமல் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் எழுதி அனுப்புங்கள்.

மலைப்பாதை:

எனக்கென்னவோ வேக்குவம் லீக், அதாவது காற்று போகும் வழியில் எங்கேயோ ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று புகுகிறது என்றுதான் படுகிறது. இன்டேக் பக்கம் இருக்கும் ரப்பர் ஹோஸ்கள் 15 வருடத்தில் நம் ஊர் வெயிலுக்கு நிச்சயம் வெடித்திருக்கும், எலி கடித்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. இன்ஜின் ஓடும்போது ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பாருங்கள், சத்தம் மாறும்.

இன்னொன்று, இதை யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். பங்க்கில் இப்போது கிடைப்பது எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2011 வண்டி அதற்காகச் செய்ததே இல்லை. பழைய வண்டி வைத்திருக்கும் எங்களைக் கேட்டா மாற்றினார்கள்?

வைகைக்கரை:

நாலு சிலிண்டர் அண்ணே, நேற்று ஸ்கேனர் வந்தது. முதலில் வாங்கியது நீங்கள் சொன்னது போலவே சேரவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன்.

பின்னால் சென்சார் இல்லை. படுத்துப் பார்த்தேன், முன்னால் ஒன்று மட்டும்தான். ஒர்க்‌ஷாப்பில் கேஜ் எதுவும் மாட்டி அளக்கவில்லை.

ஐட்லிங்கில் லாங் டெர்ம் +10, ஷார்ட் டெர்ம் +2க்கும் -2க்கும் நடுவில், மேனிஃபோல்ட் பிரஷர் 33 கிலோபாஸ்கல். ஐட்லிங் 780-லேயே நிற்கிறது, ஆடவில்லை. 2500-ல் லாங் டெர்ம் +19, ஷார்ட் டெர்ம் +3. ஃப்ரீஸ் ஃப்ரேமில் 3100 ஆர்.பி.எம்., லோடு 84 சதவீதம், தண்ணீர்ச் சூடு 91. அது போன வாரம் பைபாஸில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது லைட் வந்த நேரம் என்று நினைக்கிறேன். இன்ஜினை ஆஃப் பண்ணிச் சாவியை மட்டும் ஆனில் வைத்தால் மேனிஃபோல்ட் பிரஷர் 99 காட்டுகிறது, அது தப்பா?

மலைப்பாதை சொன்னபடி ஹோஸ்களைக் கிள்ளிப் பார்த்தேன், எதிலும் மாற்றம் இல்லை.

நாலு சிலிண்டர்:

அருமையாக எடுத்திருக்கிறீர்கள். 99 தப்பில்லை, இன்ஜின் நிற்கும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்றழுத்தம்தானே. மதுரையில் அவ்வளவுதான் காட்ட வேண்டும், அதே வண்டியைக் கொடைக்கானலில் நிறுத்திப் பார்த்தால் 80-க்குக் கொஞ்சம் கீழே காட்டும். ஆக, அந்தச் சென்சாரும் நல்லாத்தான் இருக்கிறது. அதுவும் நல்ல செய்தி.

மலைப்பாதை சொன்ன வேக்குவம் லீக்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய மெக்கானிக்குகளும் வழுக்குகிறார்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் இருக்கும் வண்டிகளில், லீக் வழியாகப் புகும் காற்று அளவுக்கு வராது, அதனால் ஐட்லிங்கில் டிரிம் எகிறும், ரேஸ் பண்ணினால் இறங்கும். இந்தத் தம்பி வண்டியில் காற்றை அப்படி அளப்பதில்லை, மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. லீக் இருந்தால் அழுத்தமும் கூடும், இ.சி.யூ. அதற்கேற்றபடி பெட்ரோலையும் கூட்டிவிடும், கடைசியில் ஐட்லிங்தான் ஏறி நிற்கும். இங்கே ஐட்லிங் 780, பிரஷர் 33, இரண்டுமே ஒழுங்கு. இன்டேக்கில் லீக் இல்லை.

டிரிம் எந்தப் பக்கம் போகிறது பாருங்கள். ஐட்லிங்கில் 10, ரேஸ் பண்ணினால் 19. இன்ஜின் எவ்வளவு பெட்ரோல் கேட்கிறதோ அவ்வளவுக்குப் பற்றாக்குறை கூடுகிறது. கோடு விழுந்ததும் அதிக லோடில். மலையில் குத்துவதும் அதிக லோடில். பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள் தம்பி. டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதன் அடியில் இருக்கும் சல்லடை, ஃபில்டர், பம்புக்குப் போகும் கரண்ட், அப்புறம்தான் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

ஃபியூவல் பிரஷர் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்காகத் தேடிப் போங்கள். புதிய பம்ப் மாற்றிப் பார்க்கலாம் என்று ஆரம்பிக்கிறவரிடம் போகாதீர்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு பிரஷர் இருக்க வேண்டும் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்க்கச் சொல்லுங்கள், இந்த ரகத்தில் பெரும்பாலும் 3-லிருந்து 4 பாருக்குள் இருக்கும். ஐட்லிங்கில் அளந்தால் மட்டும் போதாது, ரேஸ் பண்ணும்போதும் அளக்க வேண்டும். கேஜ் மாட்டும் முன்னால் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி லைனில் இருக்கும் பிரஷரை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடான இன்ஜின் மேலே பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். இதை வீட்டு வாசலில் நீங்களே செய்ய வேண்டாம்.

ஆட்டோலேப்:

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். நாலு சிலிண்டர் சார் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் விரிசலோ கேஸ்கெட் லீக்கோ இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு இதே கோடு வரும். ஆனால் அது பெரும்பாலும் ஐட்லிங்கில்தான் மோசமாகத் தெரியும், ரேஸ் பண்ணினால் குறையும். இங்கே தலைகீழாக இருப்பதால் அதை நானும் கடைசியில்தான் வைப்பேன்.

இரண்டாவது, எத்தனால். மலைப்பாதை கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 14.1, 20 சதவீதம் கலந்தால் ஏறக்குறைய 13.5. அதாவது அதே காற்றுக்கு முன்பைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். 10-லிருந்து 20-க்கு மாறியதில் டிரிம் நாலைந்து புள்ளி மேலே போவது இயல்பு. நாடு முழுக்க 10 சதவீதம் 2022-ல் எட்டியது, 20 சதவீதம் கலந்தது 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. உங்கள் வண்டி சுத்தப் பெட்ரோலையோ மிகக் குறைந்த கலப்பையோ மனதில் வைத்து வடிவமைத்தது என்றால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே டிரிம் +5, +8 என்று நிற்கலாம். ஆனால் +19-ஐ எத்தனால் மட்டும் உண்டாக்காது. உள்ளே ஏற்கெனவே ஒரு பலவீனம் இருந்திருக்கும், எத்தனால் அதை எல்லைக்கு மேலே தள்ளியிருக்கும். பழைய டேங்கில் பல வருடமாகப் படிந்திருக்கும் அழுக்கை எத்தனால் கரைத்துக் கிளப்பும், அது நேராகச் சல்லடையில் போய் அடையும். பம்பை வெளியே எடுக்கும்போது அந்தச் சல்லடையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

பம்புக்கு வரும் வோல்டேஜையும் இன்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டரிலேயே அளக்கச் சொல்லுங்கள், பேட்டரியில் அளந்துவிட்டுச் சரி என்று விடக் கூடாது. எர்த் பக்கமும் அளக்க வேண்டும்.

வைகைக்கரை:

தாமதத்துக்கு மன்னிக்கவும், கேஜ் வைத்திருக்கும் ஆளைத் தேட எட்டு நாள் ஆகிவிட்டது. மூன்று இடத்தில் ‘கேஜ் எதுக்கு, பம்ப் மாத்திடலாம்’ என்றார்கள். கடைசியில் நகரத்துக்கு வெளியே ஒரு வயதான மெக்கானிக் கிடைத்தார், தனியாகச் சின்ன ஷெட் வைத்திருக்கிறார். இந்தப் பதிவுகளைப் போனில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘சரியாத்தான் சொல்லியிருக்காங்க, அளந்துடுவோம்’ என்றார்.

எங்கள் வண்டிக்கு 3.5 பார் இருக்க வேண்டுமாம். ஐட்லிங்கில் 3.0 காட்டியது. 2500-ல் 2.6. சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்தபோது முள் 2.1 வரைக்கும் விழுந்து தடுமாறியது. அந்த முள் விழுந்ததைப் பார்த்தபோது, நாலு மாதமாக என்னைத் தூங்கவிடாதது இதுதானா என்று இருந்தது.

டேங்கில் பெட்ரோலைக் கால் பாகத்துக்குக் கீழே குறைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த மூடியைத் திறந்தார். சல்லடை முழுக்கப் பழுப்பு நிறத்தில் களிமண் மாதிரி ஒட்டியிருந்தது. ஆட்டோலேப் மேடம், படம் எடுக்க மறந்துவிட்டேன், கையெல்லாம் பெட்ரோல். ஆனால் நீங்கள் சொன்னபடியே இருந்தது.

வோல்டேஜும் அளந்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9, பம்ப் கனெக்டரில் 11.8. இரண்டு வோல்ட் வழியில் காணோம். தேடியதில் பின் சீட்டுக்கு அடியில் பாடியோடு இறுக்கியிருந்த எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தது. சுரண்டித் தேய்த்து இறுக்கிய பிறகு 13.5 வந்துவிட்டது. சல்லடையும் ஃபில்டரும் புதிது, மூடி கேஸ்கெட் புதிது. பம்ப் மோட்டாரை மாற்றவில்லை, ‘பம்ப் மேல தப்பு இல்ல, பாவம் அது என்ன பண்ணும்’ என்றார். எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய்.

இப்போது ஐட்லிங்கிலும் 3.5, ரேஸ் பண்ணினாலும் 3.4-க்குக் கீழே போகவில்லை. கோடை அழித்துவிட்டு 640 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. லைட் வரவில்லை. லாங் டெர்ம் ஐட்லிங்கில் +5, 2500-ல் +6. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போய் வந்தேன். பெருமாள்மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்தது.

ஒரே ஒரு கேள்வி. +5, +6 இருக்கிறதே, இதற்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா? அந்த அழுத்தக் கணக்கும் எனக்கு முழுதாகப் புரியவில்லை, 0.9 பார் குறைந்ததற்கா இவ்வளவு?

ஆட்டோலேப்:

மிகவும் சந்தோஷம். கணக்கு எளிதுதான். இன்ஜெக்டர் ஒரே நேரம் திறந்திருந்தாலும் வெளியே வரும் பெட்ரோல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 2.6-ஐ 3.5-ஆல் வகுத்தால் 0.74, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.86. நூறு மில்லி வர வேண்டிய நேரத்தில் 86 மில்லிதான் வருகிறது, அதை ஈடுகட்ட இ.சி.யூ. 16 சதவீதம் கூடுதல் நேரம் இன்ஜெக்டரைத் திறந்து வைக்க வேண்டும். அதன் மேல் எத்தனாலுக்கான நாலைந்து. உங்கள் +19, கூடவே ஷார்ட் டெர்ம் +3, ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. மிச்சம் இருக்கும் +5, +6 எத்தனாலுடையது, அதற்கு எதுவும் செய்ய வேண்டாம்.

மலைப்பாதை:

வேக்குவம் லீக் என்று நான் சொன்னது இந்த வண்டிக்குப் பொருந்தாது என்று இப்போது புரிகிறது, என் பழைய வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் இருந்தது, அதை வைத்தே சொல்லிவிட்டேன். கழற்றிய பழைய ஆக்சிஜன் சென்சார் வீட்டில் இருக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம், அது நல்ல சென்சார்தானே.

வைகைக்கரை:

இருக்கிறது. பழைய சாமானைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

நாலு சிலிண்டர்:

சென்சாரைத் துணியில் சுற்றி, எண்ணெய் படாத இடத்தில் வையுங்கள் தம்பி. ரப்பர் ஹோஸ்களும் ஓ-ரிங்குகளும் 15 வருடப் பழசு, எத்தனாலுக்காகச் செய்தவை இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும் முன்னால் டேங்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பாகவோ ஊதியோ இருந்தால் மாற்றிவிடுங்கள், அது லைட் பிரச்சனை இல்லை, தீப்பிடிக்கும் பிரச்சனை. புகைச் சோதனைக்கு வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள், கன்வெர்ட்டர் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். அந்தச் சோதனையில் பாஸ் ஆனால் அது நல்ல அறிகுறி, ஆனால் கன்வெர்ட்டர் நல்லாத்தான் இருக்கிறது என்று அதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆறு மாதம் கழித்து அந்த எர்த் போல்ட்டில் மட்டும் இன்னொரு தடவை வோல்டேஜ் அளந்துவிடுங்கள்.